நான் ஒண்டும் அமத்தேல்லை பிள்ளை

2004ஆம் ஆண்டு யூலை மாதம். வவுனியாவில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கொமினிகேசனில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். சமாதான காலம். ஏ9 பாதை திறந்து இரண்டு வருடம் கடந்திருந்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருபவர்கள், போட்டோக் கொப்பி அடிக்க வருபவர்கள், பெக்ஸ் அனுப்ப வருபவர்கள் என்று காலையிலிருந்து இரவு எட்டு மணிவரை கடையில் ஆட்கள் இருப்பார்கள். மூலையில் பலகைத் தடுப்பு வைத்து மறைத்த இடத்தில் இரண்டு கணனிகள் இருந்தன. இன்ரநெற் பார்க்க அரை மணித்தியாலத்துக்கு 60 ரூபா.

சனிக்கிழமைகளில் ஓர் அக்கா வருவார். பூந்தோட்டம் பக்கத்து நலன்புரி நிலையத்திலிருந்து நடந்தே வருவார். ஐம்பது வயது மதிக்கலாம். மூத்த மகன் 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமற்போனவன். சைக்கிளில் போன பிள்ளை திரும்பி வரவில்லை. சுவிஸில் இருந்த தம்பி அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்திருந்தார். முதலில் அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். ஆறு மாதத்தில் ஒற்றை விரலால் பாமினி எழுத்தில் தானே அடிக்கப் பழகிவிட்டார். மகனைத் தேடி எந்தெந்த இடத்துக்கெல்லாம் எழுதினாரோ, அந்தக் கடிதங்கள் அத்தனையையும் கணனியில் மகனின் பெயரில் ஒரு கோப்புறை திறந்து சேமித்து வைத்திருந்தார். ஸ்கான் செய்த அவனுடைய பாடசாலைப் படமும் அதற்குள் இருந்தது. எழுதியவற்றில் இரண்டுக்குப் பதில் வந்திருந்தது. அந்தப் பதில்கள் அவருடைய மின்னஞ்சலில் இருந்தன.

அன்றைக்குத் தம்பி அனுப்பியிருந்த ஓர் இணைய முகவரியைத் திறந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கணனி இழுபடத் தொடங்கியது. பிறகு சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தானாகவே திறந்தன. ஒன்றை மூட மூன்று வந்தன. அவற்றில் இருந்த படங்களைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. பக்கத்துக் கணனியில் இருந்த இரண்டு பெடியன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் திரையை மூடினார்.

“என்னக்கா செய்தனீங்கள்? எதை அமத்தினீங்கள்?”

“நான் ஒண்டும் அமத்தேல்லை பிள்ளை. வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.”

“அமத்தாமல் இப்பிடி வராதக்கா. கண்டதையும் அமத்திப்போட்டு இப்ப அமத்தேல்லை எண்டுறியள்.”

இதை நான் சொன்ன சத்தம் கடை முழுவதும் கேட்டது. முதலாளி வந்தார். கணனியை அழித்துப் புதிதாகப் போட வேண்டும், 500 ரூபா செலவாகும் என்றார். அக்கா முடிச்சை அவிழ்த்து இருந்த 380 ரூபாயைக் கொடுத்தார். மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்தார். அதற்குள் கணனி புதிதாகப் போடப்பட்டுவிட்டது. மகனின் பெயரில் இருந்த கோப்புறை இல்லை. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மின்னஞ்சலைத் திறந்தால் கடவுச்சொல் பிழை என்று வந்தது. நாலைந்து தரம் அடித்துப் பார்த்தார். நானும் அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. அதன்பின் அவர் கடைப்பக்கம் வரவில்லை.

அப்போது எனக்கு 22 வயது. கணனி என்பது நாம் எதையாவது அமத்தினால்தான் வேலை செய்யும் பொருள் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிய எட்டு வருடம் ஆனது. 2012இல் ஒரு பெண்கள் நிலையத்தில் கணனி வகுப்புக்கு உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். எங்களுக்குப் படிப்பித்தவர் பழைய கணனித் தாக்குதல்களைப் பற்றி ஒருநாள் விளக்கியபோது, 2004 என்ற ஆண்டைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டேன்.

உலாவி என்பது என்ன

இன்ரநெற்றைத் திறக்கிறோம் என்று நாம் சொல்லும்போது உண்மையில் திறப்பது உலாவி என்ற மென்பொருளைத்தான். அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்தது இன்ரநெற் எக்ஸ்புளோரர். இன்று கைத்தொலைபேசியில் பெரும்பாலும் குறோம். எங்கோ தொலைவில் இருக்கும் கணனி எழுத்தும் படமும் கட்டளைகளும் கலந்த ஒரு நீண்ட கடிதத்தை அனுப்புகிறது. உலாவி அதை வாசித்து, தலைப்பு இங்கே, படம் இங்கே என்று எங்கள் திரையில் ஒழுங்குபடுத்தித் தருகிறது. அத்துடன் அந்தக் கடிதத்தில் ஜாவாஸ்கிரிப்ற் என்ற மொழியில் எழுதியிருக்கும் கட்டளைகளை எங்களைக் கேட்காமலே நிறைவேற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டு நின்றால் ஒரு பக்கத்தையும் வாசித்து முடிக்க முடியாது.

அதாவது, முன்பின் தெரியாதவர்கள் சொல்லும் வேலையை எங்கள் வீட்டுக்குள்ளே வைத்துச் செய்யும் ஆள் இந்த உலாவி. ஆகையால் அதற்கு வரம்பு போட்டிருக்கிறார்கள். திரையில் காட்டலாம், கணக்குப் பார்க்கலாம். ஆனால் கணனிக்குள் இருக்கும் எங்கள் கோப்புகளைத் தொடக்கூடாது, புதிய மென்பொருளை நிறுவக்கூடாது. அந்த வரம்பு பல இலட்சம் வரிகளில் மனிதர்கள் எழுதிய ஒன்று. எங்காவது ஒரு வரியில் பிழை இருந்தால், அதைக் கண்டுபிடிப்பவர் அந்த வழியால் உள்ளே கையை நீட்டலாம். இதைத்தான் பாதுகாப்பு ஓட்டை என்கிறார்கள்.

2004 யூன் மாதக் கடைசியில் நடந்தது இதுதான். நல்ல பெயருள்ள நிறுவனங்களின் இணையத்தளங்களை வைத்திருந்த கணனிகள் சில, பூட்டுச் சரியாகப் போடப்படாமல் இருந்தன. தாக்குதல்காரர்கள் அவற்றுக்குள் புகுந்தார்கள். தளத்தின் தோற்றத்தை மாற்றவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத சில வரிகளை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்கள். இன்ரநெற் எக்ஸ்புளோரரில் அந்தப் பக்கத்தைத் திறந்தவருடைய கணனி, அவருக்குத் தெரியாமலே உருசியாவில் இருந்த ஒரு கணனியோடு தொடர்புகொண்டு, அங்கிருந்து ஒரு திருட்டு மென்பொருளை இறக்கித் தனக்குள் வைத்துக்கொண்டது. வங்கி விபரங்களையும் கடனட்டை விபரங்களையும் கடவுச்சொற்களையும் எடுத்து அனுப்புவது அதன் வேலை. பக்கத்தைப் பார்த்தவர் செய்த குற்றம், பார்த்தது மட்டுமே. எதையும் அமத்தத் தேவையில்லை. இந்தத் தாக்குதலுக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் வைத்த பெயர் டவுன்லோட் டொட் ஜெக்ற்.

அந்த உருசியக் கணனியை ஓரிரு நாளில் மூடிவிட்டார்கள். ஆனால் உலாவியில் இருந்த ஓட்டை மூடப்படவில்லை. யூலை 2ஆம் திகதி மைக்ரோசொப்ற் தற்காலிகமான ஒரு மாற்றத்தைத் தந்தது. முழுத் திருத்தம் வந்தது யூலை 30ஆம் திகதிதான். இடைப்பட்ட நாட்களில் உலகத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் பாவித்தது அதே உலாவியைத்தான். அமெரிக்க அரசின் கணனி அவசரகாலப் பிரிவே, வேறு உலாவியைப் பாவிப்பதையும் ஒரு தீர்வாகக் கருதலாம் என்று அப்போது எழுதியது. எங்கள் கடையில் அந்தப் பெட்டிகள் திறந்தது யூலை இரண்டாம் சனிக்கிழமை. அதே ஆட்களின் வேலை அல்ல. ஆனால் திறந்து கிடக்கும் வாசலால் ஒருவர் மட்டுமா வருவார்?

மருந்து வந்தும் எங்களுக்கு வரவில்லை

யூலை 30ஆம் திகதி திருத்தம் வந்தது என்று எழுதினேன். எங்கள் கடைக்கு அது வரவில்லை. முதலாளி விண்டோஸின் தானாக இற்றைப்படுத்தும் வசதியை நிறுத்தி வைத்திருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. அதே வயரில்தான் இன்ரநெற்றும். அந்த ஓகஸ்ட் மாதம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாவது பெரிய திருத்தத் தொகுதி வந்தது. உலாவியின் பாதுகாப்பை நிறையவே இறுக்கிய தொகுதி அது. முழுவதுமாக இறக்கினால் சுமார் 266 மெகாபைற். எங்கள் தொலைபேசி வயரின் வேகத்துக்கு, இணைப்பு ஒரு தரமும் அறுபடாமல் இருந்தாலும், பதினைந்து மணித்தியாலம் செல்லும். அந்தப் பதினைந்து மணித்தியாலமும் வாடிக்கையாளருக்கு இன்ரநெற் இல்லை, கட்டணம் மட்டும் ஓடும். எந்தக் கடைக்காரர் செய்வார்?

கொழும்பில் வேகமான இணைப்பு உள்ள அலுவலகத்துக்கு இரண்டு மணித்தியால வேலையாக இருந்தது, வவுனியாவில் ஒரு முழு நாள் வருமானமாக இருந்தது. ஓட்டை எல்லோருக்கும் பொது. அதை அடைக்கும் வசதி பொது அல்ல.

மைக்ரோசொப்ற்றும் அந்தக் காலத்தில் தூங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2001இல் இன்ரநெற் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பை வெளியிட்டார்கள். போட்டியாளரை வென்றாயிற்று. அடுத்த பதிப்பு வந்தது 2006இல். ஐந்து வருடமாகக் கூரை வேயாத வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இதற்கிடையில் 2004 நவம்பர் 9ஆம் திகதி பயர்பொக்ஸ் என்ற புதிய உலாவியின் முதலாம் பதிப்பு வந்தது. அதை ஆக்கிய மொசில்லா அமைப்பு அதே வருடம் ஓகஸ்டில் ஓர் அறிவித்தலை விட்டிருந்தது. எங்கள் மென்பொருளில் பாரதூரமான ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 500 டொலர் தருவோம் என்றது அந்த அறிவித்தல். எங்கள் கடையில் ஓட்டையில் அகப்பட்டவரிடமிருந்து 500 ரூபா வாங்கினோம்.

விட்டுவந்த வீட்டின் விலாசம்

வகுப்பில் பெண்கள் என்னிடம் கேட்பது, “அப்பிடி என்ன பிழை விடுறாங்கள் டீச்சர், படிச்ச ஆக்கள்தானே?” என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் கணனி மொழி தெரியாதவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். கடைசியில் எங்கள் வாழ்க்கையிலேயே அதற்கு விளக்கம் கிடந்தது.

நாங்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள். ஆனால் தூரத்தில் இருக்கும் உறவினர் ஒருவர், பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு அங்கேயே கடிதம் போடுகிறார். உள்ளே இருப்பவர் எங்கள் பெயரில் பதில் எழுதுகிறார், “இன்னாரிடம் காசு கொடுத்தனுப்பு” என்கிறார். உறவினர் நம்பிக் கொடுத்தனுப்புகிறார்.

உலாவிக்குள்ளும் இப்படித்தான். ஒரு படத்துக்கோ பொத்தானுக்கோ கணனியின் நினைவகத்தில் ஓர் இடம் எடுக்கும். வேலை முடிய அந்த இடத்தை விட்டுவிடும். ஆனால் நிரல் எழுதியவர் பழைய விலாசத்தை அழிக்க மறந்திருந்தால், மென்பொருளின் இன்னொரு பகுதி அந்த இடத்துக்கே திரும்பிப் போகும். இடையில் தாக்குதல்காரர் தன்னுடைய பொருளை அங்கே குடியேற்றியிருப்பார். உலாவி அதைத் தன்னுடையது என்று நம்பி அது சொல்வதைச் செய்யும். குறோமை ஆக்குபவர்கள் 2020இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். தங்கள் உலாவியில் கண்டுபிடிக்கப்பட்ட பாரதூரமான ஓட்டைகளில் சுமார் நூற்றுக்கு 70 நினைவகத்தைக் கையாள்வதில் விட்ட பிழைகள். அவற்றில் பாதி இந்தப் பழைய விலாசப் பிழைகள்.

இந்த ஒரே வகைப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010ஐச் சொல்லலாம். அந்த வருடம் ஜனவரி 12ஆம் திகதி கூகிள் நிறுவனம் தன்னுடைய கணனிகளுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டதாகப் பகிரங்கமாக அறிவித்தது. தாக்குதல் சீனாவிலிருந்து வந்தது என்றும், சீனாவின் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் மின்னஞ்சல்களைப் பார்ப்பதே முக்கிய நோக்கமாகத் தெரிகிறது என்றும் சொன்னது. வேறு இருபது நிறுவனங்களாவது இலக்காகியிருந்தன. உள்ளே போன வழி, இன்ரநெற் எக்ஸ்புளோரரில் இருந்த ஒரு பழைய விலாசப் பிழை. திருத்தம் வரும்வரை அந்த உலாவியைப் பாவிக்க வேண்டாம் என்று ஜேர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் தன் மக்களுக்குச் சொன்னது. பிரான்சும் சொன்னது. வழமையான நாள்வரை காத்திராமல் மைக்ரோசொப்ற் ஜனவரி 21ஆம் திகதி அவசரத் திருத்தத்தை வெளியிட்டது.

மின்னஞ்சலில் கிடக்கும் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்துக்காக, இப்படியெல்லாம் மெனக்கெட ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் பெட்டியைத் திறந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல, விளம்பரக் காசுக்கு அலைந்த கூட்டம். ஆனால் அவருடைய கடிதங்களுக்கு இருந்த பாதுகாப்பும் அதே ஓட்டை உலாவி ஒன்றுதான்.

இன்ரநெற் எக்ஸ்புளோரர் 2022 யூன் 15ஆம் திகதி ஓய்வுபெற்றுவிட்டது. அதோடு கதை முடியவில்லை. 2023 செப்ரெம்பரில் வந்ததைக் கேளுங்கள். இணையத்தில் படங்களைச் சுருக்கி அனுப்ப வெப்பி என்றொரு முறை உண்டு. அதை விரித்துக் காட்டும் நிரலில் ஓர் அளவுப் பிழை. இரண்டு கொத்துக் கொள்ளும் பாத்திரத்தில் மூன்று கொத்து அரிசியைக் கொட்டினால் மிச்சம் எங்கே விழும்? பக்கத்தில் இருப்பதற்குள் விழும். அப்படி நினைவகத்தில் பக்கத்து இடத்துக்குள் விழுவதைத் தனக்கு வேண்டியபடி அமைத்தால், ஒரு படத்தைக் காட்டுவதன் மூலமே கணனிக்குள் புகலாம். இதை உலாவிக்காரர்களுக்கு அறிவித்தவர்கள் அப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினரும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் உள்ள சிற்றிசன் லாப் என்ற ஆய்வுக்கூடத்தினரும். அந்த ஆய்வுக்கூடம் செயற்பாட்டாளர்களும் பத்திரிகையாளர்களும் எப்படி உளவு பார்க்கப்படுகிறார்கள் என்று ஆராய்வது. அந்த நிரலைப் பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவித்ததால் குறோமும் பயர்பொக்ஸும் ஒரே கிழமையில் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அறிவித்து ஐந்து ஆறு நாட்களுக்குள் அது வந்துவிட்டது. 2004இல் வாரக்கணக்கில் காத்திருந்ததை நினைத்தால் பெரிய முன்னேற்றம்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. எங்கள் ஊரில் பழைய வீடுகளில் குசினியைத் தனியாகக் கட்டினார்கள். நெருப்புப் பிடித்தால் குசினியோடு போகட்டும் என்றுதான். 2008இல் குறோம் வந்தபோது அதே மாதிரி, பக்கத்தை விரிக்கும் வேலையை வீட்டுக்குப் புறம்பான ஒரு சிற்றறைக்குள் வைத்தது. இப்போது எல்லாப் பெரிய உலாவிகளிலும் அந்த ஏற்பாடு உண்டு. ஓட்டையால் புகுந்தவர் அந்த அறையை விட்டு வெளியேற இன்னொரு ஓட்டையும் தேட வேண்டும். ஆகவே ஒருவருக்கும் தெரியாத புத்தம்புது ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய செலவுள்ள காரியம். அவற்றைச் சாதாரண ஆட்கள்மேல் வீணாக்குவது குறைவு.

அப்படியானால் எங்களுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஆபத்து புது ஓட்டையால் அல்ல, அடைக்கப்பட்டுவிட்ட ஓட்டையால். ஒரு திருத்தம் வெளிவந்ததும் கெட்டிக்காரத் திருடர்கள் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். திருத்தமே அவர்களுக்கு வழிகாட்டி. அன்றிலிருந்து, இற்றைப்படுத்தாதவர் எல்லோரும் வாசல் எங்கே என்று ஊருக்குத் தெரிந்த வீட்டில் படுத்திருப்பவர்கள். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் குறோம் 2023 ஓகஸ்டிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்களைக் கிழமைக்கொரு தடவை அனுப்புகிறது.

ஆகவே கைத்தொலைபேசியில் “இற்றைப்படுத்து” என்று வந்தால், டேற்றா முடிந்துவிடும் என்று தள்ளிப் போடாதீர்கள். நூலகத்திலோ, பிள்ளையின் பாடசாலையிலோ, தெரிந்தவர் வீட்டிலோ வைபை கிடைக்கும்போது முதலில் செய்ய வேண்டியது பிளே ஸ்ரோருக்குள் போய் குறோமை இற்றைப்படுத்துவது. பிறகு அதை ஒருதரம் முழுதாக மூடித் திறக்க வேண்டும். அப்போதுதான் புதியது வேலை செய்யும். ஆனால் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் “உங்கள் உலாவி பழையது, இங்கே அமத்துங்கள்” என்று பெட்டி வந்தால் அதைத் தொட வேண்டாம். அது திருத்தம் அல்ல, திருடன். உண்மையான திருத்தம் பிளே ஸ்ரோரிலோ, கணனியில் என்றால் உலாவியின் அமைப்புகளுக்குள்ளோதான் இருக்கும்.

பழைய போன் பாவிக்கும் சகோதரிகளுக்குச் சொல்லச் சங்கடமான ஒன்று உண்டு. ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தப் போன்களுக்குத் திருத்தம் வருவதே நின்றுவிடும். 2025 ஓகஸ்டில் வந்த பதிப்பிலிருந்து குறோமுக்கு அன்ட்ரொயிட் 10ஆவது வேண்டும். போனின் அமைப்புகளில் “போனைப் பற்றி” என்ற இடத்தில் அந்த இலக்கம் இருக்கும். கணனிகளிலும் இப்படித்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தம் 2014 ஏப்ரல் 8இல் நின்றது. ஆனால் 2017இல் ஓர் அலுவலகத்தில், எங்கள் அடையாள அட்டை விபரங்களைப் பதிந்தது எக்ஸ்பிக் கணனியில் என்பதைக் கண்ணால் கண்டேன்.

யாராவது உங்கள் கணனிக்குள்ளோ கணக்குக்குள்ளோ அனுமதியில்லாமல் புகுந்தால் அது குற்றம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. 2006இல் தொடங்கிய இலங்கைக் கணனி அவசரப் பதிலளிப்புப் பிரிவுக்கு 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறையிடப் போகும்போது, “நீ எதையோ அமத்தியிருப்பாய்” என்று வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்திலும் சொல்லக்கூடும். ஏமாற்றுச் செய்தியை நம்பி நாங்களே அமத்திவிடுவதும் நடப்பதுதான், இன்று பலர் காசை இழப்பது அந்த வழியால்தான். ஆனால் ஒன்றையும் அமத்தாமலும் நடக்கும். சொல்பவரை முதலில் நம்பிக் கேட்பதற்கு நான் 22 வயதில் பழகியிருக்கவில்லை.

கடந்த ஆவணியில் ஒரு செத்த வீட்டில் அந்த அக்காவைக் கண்டேன். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அவருக்கு என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. கொமினிகேசன் என்றதும் தெரிந்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்து, உலாவி, ஓட்டை, 2004 யூலை என்று எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். பிழை உங்களில் இல்லை அக்கா என்றேன்.

“ஓம் பிள்ளை. நான் அப்பவே சொன்னனான்தானே.”

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்தக் கடிதங்கள் உன்னட்டை எங்கையும் இல்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார்.

புறப்படும் நேரம் கைப்பையைத் திறந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். சுவிஸ் தம்பி தான் பாவித்ததைக் கொடுத்துவிட்டுப் போனாராம். “இது பழசோ எண்டு பாரன்.” பார்த்தேன். அன்ட்ரொயிட் 7. குறோம் 119ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்குமேல் ஏறாது. இதில் வங்கி அலுவலும் மின்னஞ்சலும் வேண்டாம், கதைக்க மட்டும் வைத்திருங்கள், மற்றதை மருமகளின் போனில் பாருங்கள் என்றேன்.

“அப்ப தம்பியின்ரை படம்?”

தம்பி என்று அவர் சொன்னது மகனை. தன்னிடம் மிஞ்சியிருந்த பள்ளிக்கூடப் படத்தின் ஒரேயொரு பிரதியைப் போனால் பிடித்து அதற்குள் வைத்திருந்தார். மூலப் படம் 2009இல் இடம்பெயர்ந்தபோது நனைந்து பழுதாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் றோட்டுக்கு நடந்து, அடுத்த சந்தியில் இருந்த ஸ்ரூடியோவுக்குப் போனோம். மூன்று பிரதி போட்டு லமினேற் செய்து வாங்கினோம். அக்கா முடிச்சை அவிழ்க்க முன்னம் நான் காசைக் கொடுத்துவிட்டேன்.